பெயிண்டை நம்பாதீர்கள், திருகைப் பாருங்கள்: பழைய மர லூரை அடையாளம் காண்பதும் நகல் செய்வதும்

கேள்வி இதுதான்: பழைய தூண்டில் பெட்டி ஒன்றில் ஒரு மர லூர், அதாவது மீனை ஏமாற்றிப் பிடிக்கும் செயற்கை இரை, கிடைத்திருக்கிறது. நீளம் சுமார் 95 மி.மீ. கண்ணாடிக் கண், மூக்கிலும் வாலிலும் சின்ன உலோக விசிறி, இரு பக்கமும் வாலிலுமாக ஐந்து ட்ரெபிள் ஹூக் (மூன்று முனைத் தூண்டில் முள்). உடலில் எந்தப் பெயரும் இல்லை. இதைச் செய்தது யார், எந்தக் காலத்தது, இதே மாதிரி ஒன்று செய்து தண்ணீரில் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் அதற்கு முன் ஒன்று: தயவுசெய்து அதைக் கழுவாதீர்கள். சோப்பு, எண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம். பழைய பெயிண்ட் பல இடங்களில் மரத்தின் பிடியை விட்டு எழும்பியிருக்கும். ஈரம் உள்ளே போனால் மரம் உப்பும், பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் உப்புத்தாளும் போடாதீர்கள். தொட்டால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். அதே பெட்டியில் ரப்பர் மாதிரி நெளியும் பிளாஸ்டிக் புழுக்கள் கிடந்தால் லூரை உடனே வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். அந்தப் புழுக்களை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் கசிந்து பெயிண்டை உருக்கிவிடும். லூரின் முதுகில் வளைந்து நெளிந்த, உருகி மறுபடி இறுகின கோடு ஏற்கெனவே இருந்தால், அதுவும் ஒரு தகவல்தான். மென்பிளாஸ்டிக் புழுவை நிக் கிரீம் என்பவர் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் 1949-இல் உருவாக்கினார். ஆகவே அந்தக் காயம் பட்டது அதற்குப் பிறகுதான்.

இனி அடையாளம். பலரும் முதலில் நிறத்தையும் உடல் வடிவத்தையும் பார்க்கிறார்கள். இரண்டுமே ஏமாற்றும். நீங்கள் சொல்கிற வடிவத்தை, அதாவது இரண்டு விசிறி, ஐந்து ஹூக், சுருட்டு மாதிரி உடல் கொண்ட 'மின்னோ'வை (சின்ன மீன் போன்ற லூரை), 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பல கம்பெனிகள் செய்தன. மிச்சிகனின் டவாஜியாக்கில் ஹெட்டன், அதே மாநிலத்தின் கலமசூவில் ஷேக்ஸ்பியர், ஆக்ரனில் ஃப்ளூகர், இண்டியானாவில் சவுத் பெண்ட். இவற்றோடு இண்டியானாவின் கேரட் ஊரிலிருந்த கிரீக் சப் கம்பெனியையும் சேர்த்துத்தான் சேகரிப்பாளர்கள் 'பெரிய ஐந்து' என்கிறார்கள். கிரீக் சப்பின் பெயர் விளங்கியது வாயில் உலோகத் தகடு வைத்த லூர்களால். அதனால் உங்கள் லூர் விஷயத்தில் அதைக் கடைசியாக யோசித்தால் போதும். ஒருவர் செய்து விற்பனையானதை அடுத்தவர் செய்தார். வடிவத்தை நகலெடுப்பது எளிது, லாபமும் கூட. உலோக உறுப்புகளோ அப்படியல்ல. அவற்றுக்கு அச்சு வேண்டும், பேட்டன்ட் தடை இருக்கும், ஒரு கம்பெனி ஒரு முறைக்குப் பழகிவிட்டால் பல வருஷம் அதையே தொடரும். எனவே நான் எந்த லூரை எடுத்தாலும் முதலில் ஹூக் உடலோடு எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

பூதக்கண்ணாடி வைத்து ஒரு பக்க ஹூக்கின் அடியைப் பாருங்கள். உடலில் பதித்த சின்ன உலோகக் கிண்ணம், அதன் நடுவே ஒரு வளையத் திருகு, அதில் ஹூக் தொங்குகிறது என்றால் அது ஆரம்பகால முறை. ஹெட்டன் இதை முதல் உலகப் போர்க் காலம் வரை பயன்படுத்தியது. 1910-களின் பிற்பகுதியில் அங்கே எல் வடிவக் கம்பி கிண்ணத்துக்குள் செருகும் முறை வந்தது. 1930-களில் கீல் மாதிரி இரண்டு துண்டுத் தகடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உடலின் மேற்பரப்பிலேயே திருகி வைத்த தட்டைத் தகடு. இந்த வரிசை ஒன்று தெரிந்தாலே ஹெட்டன் லூரை ஏறக்குறைய எந்தப் பத்தாண்டு என்று சொல்லிவிடலாம். ஃப்ளூகர் 'நெவர்ஃபெயில்' என்ற பெயரில் தனக்கென ஒரு கம்பி மாட்டலை வைத்திருந்தது. கிண்ணத்தின் விளிம்பு தட்டையா, மேலே எழும்பியிருக்கிறதா, கிண்ணம் ஆழமா மேலோட்டமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய கேட்டலாக்குகளின் மறுபதிப்புகளோடு ஒப்பிடும்போது இதெல்லாம் கைகொடுக்கும்.

அடுத்து திருகின் தலை. நேர்கோட்டுப் பள்ளம் மட்டும் இருந்தால் சரி. கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகு 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1910-ஆம் ஆண்டு லூர் என்று சொல்லி விற்கப்படுவதில் அது இருந்தால், அந்த உறுப்பு பிறகு மாற்றப்பட்டது. இல்லையென்றால் லூரே பிந்தையது. விசிறியின் இதழ்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஹெட்டன் பலவற்றில் கம்பெனி பெயரையும் டவாஜியாக் ஊர்ப் பெயரையும் அடித்திருக்கும். தேய்ந்த முத்திரை நேர் வெளிச்சத்தில் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழும்பி நிற்கும். பேட்டன்ட் எண் கிடைத்தால் அதிர்ஷ்டம். அமெரிக்கப் பேட்டன்ட்களில் பத்து லட்சமாவது எண் 1911-இலும், இருபது லட்சமாவது 1935-இலும், முப்பது லட்சமாவது 1961-இலும் வழங்கப்பட்டது. எண்ணைப் பார்த்ததுமே லூர் எந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது என்று தெரிந்துவிடும். அந்த எல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் உறுதி. 1920-இன் பேட்டன்ட் தேதியை உதட்டுத் தகட்டில் அடித்த கிரீக் சப் லூர் 1920-இல்தான் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. அதே தேதியை அடித்துக்கொண்டே பல ஆண்டுகள் விற்றார்கள்.

கண்ணாடிக் கண் இருந்தால் பழசு என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. ஹெட்டன் போன்றவர்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பெருமளவு பெயிண்ட் கண்ணுக்கும் வேறு வகைகளுக்கும் மாறினார்கள். ஆனால் சிலர் போருக்குப் பிறகும் கண்ணாடியைத் தொடர்ந்தார்கள், இன்று நகல் செய்கிறவர்களும் கண்ணாடிக் கண்ணைத்தான் வாங்கிப் பதிக்கிறார்கள். விலை குறைந்த பழைய லூர்களில் கண்ணே இருக்காது. ஆகவே கண்ணைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள்.

இப்போது பெயிண்ட். யார் செய்தது என்பதைவிட, இது மறுபெயிண்ட் ஆனதா என்று கண்டுபிடிக்கவே பெயிண்ட் அதிகம் உதவும். தொழிற்சாலையில் உடலுக்குப் பெயிண்ட் அடித்துக் காய்ந்த பிறகுதான் கிண்ணத்தையும் திருகையும் பொருத்தினார்கள். அதனால் அசல் பெயிண்ட் கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் போகும். உலோகம் சுத்தமாக இருக்கும். பின்னால் யாரோ மறுபெயிண்ட் அடித்திருந்தால், உறுப்புகளைக் கழற்றாமலேயே அடித்திருப்பார்கள். விளிம்பின் மேல் பெயிண்ட் ஏறியிருக்கும், திருகின் பள்ளத்தில் ஒரு பொட்டு நிறம் தேங்கியிருக்கும். கழற்றி அடித்தவர்களும் உண்டு. அப்போது கிண்ணத்தின் ஓரத்தில் அடைத்த பழைய துளையின் வட்டம் தெரிகிறதா என்று தேடுங்கள்.

இன்னொரு அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹூக் ஆடும்போது அதன் முனை உடலில் உரசி ஒரு வில் வடிவக் கீறலை உண்டாக்கும். பல வருஷம் பெட்டியில் குலுங்கின லூரில் இந்த வில் ஆழமாகவே இருக்கும். ஹூக்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள். முனை அந்தக் கீறலின் மேலேயே நடக்க வேண்டும். கீறல் 14 மி.மீ. தூரத்தில் இருக்க, ஹூக்கின் முனை 10 மி.மீ.-இலேயே நின்றுவிட்டால் ஹூக் மாற்றப்பட்டிருக்கிறது. ஹூக் தேய்ந்து துருவேறியிருக்க, உடலில் கீறலே இல்லையென்றால் பெயிண்ட்தான் புதுசு.

செதில் டிசைன் இருந்தால் அது காலத்தையும் சொல்லும். வலைத்துணியை உடலில் இறுக்கிப் போர்த்தி அதன் மேல் பெயிண்டை ஊதும் முறையை கிரீக் சப்பின் ஹென்றி டில்ஸ் உருவாக்கினார். 1910-களின் பிற்பகுதியில்தான் அது பரவியது. அதற்கு முந்தைய மாட்டல் முறையும் செதில் பெயிண்டும் ஒரே லூரில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

புறஊதா டார்ச்சை இருட்டறையில் அடித்துப் பார்ப்பது நல்லது. ஒட்டுப்போட்ட இடங்களும் பிற்காலப் பூச்சுகளும் சுற்றியுள்ள பெயிண்டிலிருந்து வேறு மாதிரி ஒளிரும். அட்டைப் பெட்டிக்கு இது இன்னும் பயன்படும்: தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள் 1950-வாக்கில்தான் பரவலானது, எனவே 1920-களின் பெட்டி என்று சொல்லப்படுவது பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது மறுஅச்சு. பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளில் கம்பெனி முகவரியையும் படியுங்கள். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963-க்குப் பிறகு. ஊர்ப் பெயரை அடுத்து ஓரிரு இலக்க மண்டல எண் மட்டும் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் நடுவில். பெட்டியின் ஓரத்தில் அடித்த எண் உள்ளே இருக்கும் லூரின் மாடல் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். காலி நல்ல பெட்டியில் வேறு லூரைப் போட்டு விற்பது சாதாரணமாக நடக்கிறது.

அசிட்டோன் சோதனையைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள்: பஞ்சில் தொட்டுத் தடவினால் பழைய செல்லுலோஸ் லேக்கர் கரையும், இக்கால எபாக்ஸி கரையாது. உண்மைதான். ஆனால் அது அசலைக் கொஞ்சம் அழித்துத்தான் பதில் சொல்கிறது. கடைசி வழியாக, வால் விசிறிக்கு அடியில், ஊசிமுனை அளவு மட்டும்.

பிளாஸ்டிக் லூர்களைப் பற்றிச் சுருக்கமாக: ஹெட்டன் 1930-களில் 'ஸ்பூக்' என்ற பெயரில் பிளாஸ்டிக் லூர்களையும் செய்யத் தொடங்கியது. அந்தக் கால செல்லுலோஸ் பிளாஸ்டிக் காலப்போக்கில் தானே சிதையும். வினிகர் வாசம் வந்தாலோ ஓரங்கள் சுருங்கினாலோ மற்ற லூர்களிலிருந்து பிரித்துக் காற்றோட்டமாக வையுங்கள். அதை மூடிய டப்பாவில் அடைத்தால் சிதைவு வேகமாகும்.

இவ்வளவு ஏன் பார்க்க வேண்டும் என்றால், பணம் புகுந்துவிட்டது. ஒஹாயோவின் பெயின்ஸ்வில்லைச் சேர்ந்த ரைலி ஹாஸ்கெல் 1859-இல் பேட்டன்ட் எடுத்த உலோக மீன் லூரில், பெரிய அளவு ஒன்று 2003-இல் ஏலத்தில் 1,01,200 டாலருக்குப் போனது. ஹெட்டன் கம்பெனியைத் தொடங்கிய ஜேம்ஸ் ஹெட்டன் கையால் செதுக்கிய மரத் தவளைகள், மிச்சிகனின் ஆஸ்கர் பீட்டர்சன் செதுக்கிய, உறைந்த ஏரியில் மீன்களை ஈர்க்கும் மர மீன் பொம்மைகள் எல்லாம் போலிகளால் நிரம்பிய துறைகள். உங்கள் ஐந்து ஹூக் மின்னோ அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் அசலைத் தண்ணீரில் போடுவது வேண்டாம். நகல் அதற்குத்தான்.

நகலுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நகலெடுத்து, தண்ணீரில் போட்டதும் ஏமாந்துபோகிறார்கள். நிறம் அப்படியே இருக்கும், உடல் அப்படியே இருக்கும், இழுத்தால் லூர் பக்கவாட்டில் சாய்ந்து சுழலும். காரணம் எடை இருக்கும் இடம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உடல் 95 மி.மீ. நீளம், நடுவில் 22 மி.மீ. விட்டம், இரு முனையும் கூம்பினால் கன அளவு ஏறக்குறைய 21.7 கன செ.மீ. வரும். முழு லூர் 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தள்ளும் தண்ணீரைவிட எடை சற்று அதிகம் என்பதால் மெதுவாக அமிழும். மரம் சீடர் என்றால் அடர்த்தி கன செ.மீ.-க்கு 0.35 கிராமை ஒட்டி இருக்கும், ஆக மரத்தின் எடை 7.6 கிராம். ஹூக்கும் விசிறியும் 8 கிராம். மீதி 8.4 கிராம், வயிற்றில் பதித்த ஈயம். இப்போது கையில் கிடைத்த மேப்பிள் கட்டையில் அதே உடலைக் கடைந்தால், அடர்த்தி 0.7-ஐ ஒட்டியது என்பதால், மரமே 15.2 கிராம். உலோகத்தோடு 23.2. ஈயத்துக்கு 0.8 கிராம்தான் இடம். மொத்த எடை அசலோடு துல்லியமாகப் பொருந்தும், ஆனால் லூரை நிமிர்த்தி வைக்கிற கீழ்க்கனம் போய்விட்டது. விசிறியின் முறுக்கு அதை எளிதாகப் புரட்டிவிடும். எனவே மர வகையை விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய லூர்களில் அதிகம் சீடர்தான். இல்லாவிட்டால் அடர்த்தி 0.4-ஐ ஒட்டிய பாஸ்வுட் மாதிரியான இலகு மரம். பால்சா 0.16 அளவில்தான் இருக்கும். அதற்கு ஈயம் மிக அதிகம் தேவைப்படும், திருகும் பிடிக்காது.

அளவெடுக்கும்போது உறுப்புகளைக் கழற்ற வேண்டாம். பழைய திருகு உள்ளே ஒடிந்தால் எடுக்க வழியில்லை. லூரைத் தட்டையான பரப்பில் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தள்ளி நின்று ஜூம் செய்து பக்கம், முதுகு, வயிறு மூன்றையும் படமெடுங்கள். கிட்டே வைத்து எடுத்தால் முனைகள் சிறுத்துத் தெரியும். பிளாஸ்டிக் முனை கொண்ட வெர்னியரால் 10 மி.மீ.-க்கு ஒரு இடத்தில் விட்டம் எடுங்கள். கண், கிண்ணம், நரம்பு கட்டும் வளையம் ஒவ்வொன்றும் மூக்கிலிருந்து எவ்வளவு தூரம், நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே என்று எழுதுங்கள். மொத்த எடையை 0.1 கிராம் காட்டும் தராசில் எடுங்கள். பிறகு ஒரு விரல் மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் குறியுங்கள். ஈயம் எங்கே இருக்கிறது என்று தெரிய இது ஒன்றே பெரும்பாலும் போதும். வயிற்றுப் பெயிண்டில் வட்டமான மெல்லிய விரிசலோ புடைப்போ இருந்தால் ஈயம் அதற்கு நேர் மேலே இருக்கிறது.

அசலை சிலிகானில் அமுக்கி அச்செடுக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். எழும்பிய பெயிண்ட் அச்சோடு உரிந்து வந்துவிடும். அதிக எண்ணிக்கை வேண்டுமென்றால் முதலில் மரத்தில் ஒரு நகல் செய்து, அதை நன்றாக அடைத்து, அதிலிருந்து அச்செடுக்கலாம். சாதாரண ரெசின் தண்ணீரைவிடக் கனம் என்பதால் நுண்ணிய கண்ணாடிக் குமிழ்த் தூளைக் கலந்து இலகுவாக்க வேண்டும். இருந்தாலும் ஒன்றிரண்டுக்கு மரமே மேல்.

மரத்தில் இழை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். முக்கியமான ஒரு வரிசை: கட்டை சதுரமாக இருக்கும்போதே எல்லாத் துளைகளையும் போட்டுவிடுங்கள். மூக்கு, வால், பக்க ஹூக், ஈயம் எல்லாம். உருண்டையாகக் கடைந்த பிறகு துளை போட்டால் பிட் வழுக்கும், இரு பக்க ஹூக்கும் நேராக நிற்காது. அப்புறம் லேத்தில் கடையலாம், அல்லது கத்தியால் எட்டுப் பட்டை, பதினாறு பட்டை என்று இறக்கி உப்புத்தாளில் முடிக்கலாம். ஈயத்தை முதலில் ஒட்டாதீர்கள். உடலுக்கு ஈரம் புகாமல் தடுக்கும் சீலர் கொடுத்து, ஹூக்கும் விசிறியும் தற்காலிகமாக மாட்டி, துளையில் எடையை மெழுகால் நிறுத்தித் தொட்டியில் மிதக்கவிட்டு, நிமிர்ந்து நிற்கிறதா, எந்தச் சாய்வில் அமிழ்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். பெயிண்டும் வார்னிஷும் சேர்ந்து ஒரு கிராமுக்கு மேலும் ஏற்றலாம், அதற்கு இடம் விடுங்கள். பிரிட்டன் 1987-லிருந்து 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈயத் தூண்டில் குண்டுகளைத் தடை செய்திருக்கிறது. அப்படிப்பட்ட சட்டம் உள்ள இடம் என்றால் டங்ஸ்டன் வையுங்கள். ஈயத்தைவிட அது ஏறக்குறைய 1.7 மடங்கு அடர்த்தி என்பதால் சின்னத் துளையே போதும், கனமும் இன்னும் கீழே இறங்கும்.

விசிறிக்கு அரை மி.மீ. பித்தளைத் தகடு சரியாக இருக்கும். அசலில் முன் விசிறியும் பின் விசிறியும் ஒரே திசையில் சுழல்கின்றனவா, எதிரெதிரா என்று ஊதிப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் என்றால் ஒன்றின் முறுக்கை மற்றது ரத்து செய்கிறது, இரண்டையும் ஒரே பக்கம் வளைத்துவிட்டால் அந்த நன்மை போய்விடும். ஹூக்கும் அப்படித்தான், அளவு எண் ஒன்றாக இருந்தாலும் கம்பி கனம் வேறுபடும். எடை பார்த்து வாங்குங்கள்.

வெள்ளை அடிப்பூச்சு மெல்லிசாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் உப்புத்தாள். செதில் வேண்டுமென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வலையின் நூல் இருந்த இடத்தில் அடிநிறம் தங்கும், வலையின் ஓட்டைகளுக்குள்தான் மேல்நிறம் விழும். எனவே செதிலின் கோடு என்ன நிறமோ அதை முதலில் அடிக்க வேண்டும். வலையை நீளவாக்கில் அதிகம் இழுத்தால் அறுகோணம் ஒல்லியாகிவிடும்; அசலில் ஒரு செதில் எத்தனை மி.மீ. நீளம், எத்தனை அகலம் என்று அளந்து அதற்கேற்ப இழுங்கள். முடிந்ததும் வலையை நேராக மேலே தூக்குங்கள், நகர்த்தினால் எல்லாம் கலையும். மேல்பூச்சாக எபாக்ஸியைக் கனமாக ஊற்றினால் கூர்மையான விளிம்பெல்லாம் உருண்டு, மர லூர் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். மெல்லிய வார்னிஷ் பல தடவை நல்லது. எனாமல் பெயிண்டின் மேல் லேக்கர் அடிக்காதீர்கள், அதன் தின்னர் அடியிலிருப்பதைச் சுருட்டிவிடும்.

பழசு மாதிரி காட்டுவதற்காகச் செயற்கையாக வெடிப்பும் துருவும் ஏற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. உங்களிடம் இருக்கும்வரை அது நகல்தான். கை மாறி மாறிப் போன பிறகு அது அசலாக விற்கப்படும். ஆகவே அடிப்பூச்சுக்கு முன்பே, மரத்திலேயே, உங்கள் குறியையும் ஆண்டையும் சூட்டுக்கோலால் ஆழமாகச் சுடுங்கள் அல்லது முத்திரை அடியுங்கள். பெயிண்டின் மேல் எழுதுவது ஒரு உப்புத்தாளில் போய்விடும். வயிற்றில் ஒன்று, வால் விசிறிக்கு அடியில் ஒன்று, விசிறித் தகட்டின் உட்பக்கம் ஒன்று என்று மூன்று இடத்தில் இருந்தால் மூன்றையும் அழிப்பது கடினம். பழைய கம்பெனியின் பெயரை மட்டும் விசிறியில் அடிக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய பேட்டன்ட்கள் காலாவதியாகிவிட்டன, வடிவத்தைச் செய்யத் தடையில்லை. ஆனால் ஹெட்டன், கிரீக் சப் போன்ற பெயர்கள் இன்றும் லூர் செய்யும் அமெரிக்க நிறுவனமான பிராட்கோவின் கையில் உள்ள பிராண்டுகள்.

உங்கள் லூரின் பக்க ஹூக் மாட்டல், திருகின் தலை, விசிறி இதழின் இரு பக்கம், வயிறு ஆகிய நான்கையும் சாய்ந்த வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்து அனுப்பினால், எந்தக் கம்பெனி என்பதை இன்னும் நெருக்கமாகச் சொல்ல முடியும்.